இதய ஆபரேஷன் ஆன பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்கவில்லையா?

மதுரையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

இடம் மாறியிருந்த இரண்டு பெரிய தமனிகளையும் மாற்றிப் பொருத்தும் ஆபரேஷன், உங்கள் மகள் பிறந்த இரண்டாவது வாரமே நடந்திருக்கிறது. இப்போது பிளஸ் ஒன். ராத்திரி ஒப்பித்த உயிரியல் பாடம் காலையில் மறந்துபோகிறது, வீட்டில் எல்லோரும் போனைத்தான் குறை சொல்கிறார்கள் என்கிறீர்கள். போன் கொஞ்சம் இருக்கட்டும்.

இந்தக் குறையுள்ள குழந்தைக்குக் கருவிலேயே மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. நிறைமாதத்தில் பிறந்தாலும் மூளையின் முதிர்ச்சி சராசரியாக ஒரு மாதம் பின்தங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. 1988 முதல் 1992 வரை பாஸ்டனில் இதே ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைகளைப் பதினாறு வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் தனிப்பயிற்சி போன்ற உதவி பெற்றிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. ஆனால் "சோம்பேறி" என்று முடிவுகட்டும் முன் சோதித்துப் பார்க்க இதுவே போதுமான காரணம்.

முதலில் இதய மருத்துவரிடம் இந்த மறதியைச் சொல்லுங்கள். தூக்கம், ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்க்கட்டும். அப்புறம் நரம்பு-உளவியல் பரிசோதனை, அதாவது நினைவாற்றல், கவனம், வேகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் செய்கிறார்கள். வெறும் ஐ.க்யூ. டெஸ்ட்டோடு திரும்பி வராதீர்கள். அது நார்மலாக இருந்தும் நினைவாற்றலோ வேகமோ தனியாக இடறலாம்.

தேர்வுச் சலுகை கேட்டிருந்தீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பிறவி இதயக் குறை இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதாவது வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் வரும் தடுமாற்றம், இருக்கிறது. பரிசோதனையில் அது உறுதியானால் கூடுதல் நேரம் கேட்கலாம். பிளஸ் டூ தொடங்கியதுமே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள், கடைசி மாதத்தில் நடக்காது.

நீட் பற்றி என் கருத்து: 180 நிமிடத்தில் 180 கேள்வி, தப்பானால் மதிப்பெண் குறையும். ரிப்போர்ட் வரும் முன் இரண்டு வருட கோச்சிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். மருத்துவத் துறைதான் பிடிக்கும் என்றால் லேப் டெக்னாலஜி, எக்கோ எடுக்கும் கார்டியாக் டெக்னாலஜி மாதிரி, செய்து செய்து கையில் ஏறும் படிப்புகள் உண்டு. அவற்றில் செக்லிஸ்ட்டைப் பார்த்து வேலை செய்வதை யாரும் குறையாக நினைப்பதில்லை. போலீஸ், ராணுவம் போல உடல்தகுதி பார்க்கும் வேலை என்றால் இதய மருத்துவரின் சம்மதம் முதலில்.

அதுவரை ராத்திரி ஒப்பிப்பதை விடச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதைத் தாளில் எழுதட்டும். அதே பாடத்தை மறுநாளும், மூன்று நாள் கழித்தும் அப்படியே எழுதட்டும். ரிப்போர்ட் கிடைத்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தே பேசலாம்.