கள்ளித் தோட்டத்தில் எதைப் பார்ப்பது? – கடிதம்

வணக்கம்.

சென்ற மாதம் பெரிய கள்ளித் தோட்டம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். முதல் அரைமணி நேரம் பிரமிப்பாக இருந்தது. பிறகு உருண்டை, தூண், தட்டை என்று எல்லாம் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிட்டது. பூ ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது. பல செடிகளின் அடிப்பகுதி பழுப்பேறிச் செத்ததுபோல் இருந்தது. எடுத்த படங்களும் எடுபடவில்லை. மகனின் விரலில் கண்ணுக்கே தெரியாத முட்கள் ஏறி இரண்டு நாள் குத்திக்கொண்டிருந்தன. ஆனாலும் மறுபடி போக ஆசை. அடுத்த முறை எப்படிப் பார்க்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆசை விடவில்லை என்பதே நல்ல விஷயம். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்ததற்குக் காரணம், தள்ளி நின்று உருவத்தைப் பார்த்தது. தண்ணீரை உடம்பில் சேமிக்க வேண்டிய செடி எடுக்கக்கூடிய வடிவங்கள் கொஞ்சம்தான். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள்கூட அந்த வடிவங்களுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வித்தியாசமெல்லாம் நகக்கண் அளவில் இருக்கிறது. ஆகவே கிட்டே போங்கள். முள்ளைப் பார்ப்பதைவிட, முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள்.

காக்டஸ் குடும்பத்துச் செடிகளில் முட்கள் ஒரு சிறிய பஞ்சுப் புள்ளியிலிருந்து கொத்தாக வரும். அதற்கு ஏரியோல் என்று பெயர். அது நீளாமல் குறுகிப்போன ஒரு கிளை. முட்கள் அந்தக் கிளையின் உருமாறிய இலைகள். முள், பக்கக் கிளை, பெரும்பாலும் பூவும் அந்தப் புள்ளியிலிருந்துதான் வரும். நாம் கள்ளி என்றே சொல்லும் சதுரக்கள்ளி போன்றவை வேறு குடும்பம், யூஃபோர்பியா என்று பெயர். அவற்றில் இந்தப் பஞ்சு இருக்காது. முட்கள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாகத் தண்டின் விளிம்பில் நிற்கும். பால் வந்தால் யூஃபோர்பியா, வராவிட்டால் காக்டஸ் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மம்மிலேரியா என்னும் காக்டஸ் வகையிலேயே பாலுள்ள இனங்கள் உண்டு. கீறிப் பார்ப்பது செடிக்கும் கேடு, உங்களுக்கும் ஆபத்து. யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் கருவிழி கடுமையாகப் புண்படும்; உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

காக்டஸ்களின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ரிப்சாலிஸ் பாக்கிஃபெரா என்ற ஒன்று மட்டும் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கைவரை இயற்கையாகவே வளர்கிறது. பெரிய தோட்டங்கள் பலவற்றில் ஆப்பிரிக்கப் பாத்திகளும் இருக்கும். அங்கே ஒரு தூண் யூஃபோர்பியாவைப் பார்த்த கையோடு ஒரு தூண் காக்டஸிடம் போய் நில்லுங்கள். இந்த இரண்டையும் பார்த்தாலே கண் பழகிவிடும்.

அடுத்தது மடிப்புகள். தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மேடுகள் துருத்தியைப்போல வேலை செய்கின்றன. மழை பெய்தால் உடம்பு விரிந்து பள்ளங்கள் ஆழம் குறையும். வறட்சியில் சுருங்கி ஆழமாகும். தோல் கிழியாமல் இருப்பது இதனால்தான். ஆழமான மடிப்பைக் கண்டு நோய் என்று நினைக்க வேண்டாம். குளிர்கால ஓய்வில் இருக்கும் செடிக்குத் தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். அப்போது தண்ணீர் விட்டால்தான் வேர் அழுகும். மம்மிலேரியாவில் மடிப்புக்குப் பதில் தனித்தனி முகடுகள் சுழல்வரிசையில் இருக்கும். அதன் பூக்கள் முகட்டின் நுனியிலுள்ள முள்கொத்திலிருந்து வராமல் முகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கிலிருந்து வருவதால் உச்சியைச் சுற்றி வளையமாக நிற்கும். காக்டஸ் தோட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது.

உச்சியை விட்டுவிடாதீர்கள். மெலோகாக்டஸ் முதிர்ந்ததும் தலையில் கம்பளித் தொப்பி போன்ற ஒன்று உருவாகும். அதன்பின் பச்சை உடம்பு வளராது, தொப்பி மட்டும் உயரும், பூவும் பழமும் அதிலிருந்தே. தங்கநிற முட்களுள்ள பெரிய உருண்டை, மெக்ஸிகோவின் எக்கினோகாக்டஸ் க்ரூசோனி. எல்லாத் தோட்டங்களிலும் கொட்டிக்கிடக்கும் இந்தச் செடி இயற்கையில் அழிவின் விளிம்புக்கு வந்தது. அணை கட்டியபோது அதன் வாழிடத்தில் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. நன்கு அகன்ற முதிர்ந்த செடிதான் பூக்கும். உச்சிப் பஞ்சில் புதைந்த மஞ்சள் பூக்களைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். சகுவாரோ போன்ற உயர்ந்த தூண்களுக்கு பைனாகுலர் கொண்டுபோங்கள். பூக்கள் தண்டின் நுனியில் இருக்கும். சகுவாரோவில் பக்கக் கை முளைக்கவே பெரும்பாலும் 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். கையுள்ள ஒன்றின் முன் நிற்கும்போது அந்த வயதை மனதில் வையுங்கள். உச்சி விசிறிபோலவோ மூளைபோலவோ மடிந்திருந்தால், வளர்முனை ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாகிவிட்டது என்று பொருள். அது அரிது, ஆனால் செடி நலமாகவே இருக்கும்.

அடிப்பகுதிப் பழுப்புக்கு வருகிறேன். கீழிருந்து மேலாக ஏறும், உலர்ந்த, மரப்பட்டை போன்ற பழுப்பு முதுமையின் அடையாளம்; பாரத்தைத் தாங்க அந்தப் பட்டை உதவுகிறது. கறுத்து, ஈரமாகி, உள்வாங்கியிருந்தால் அழுகல். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்த திட்டு இருந்தால், நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென வெயிலில் நட்டிருக்கிறார்கள். துருநிறம் உச்சியில் தொடங்கினால் சிலந்திப்பேனைச் சந்தேகிக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் அது கொச்சினீல் பூச்சி. குச்சியால் நசுக்கினால் ஆழ்ந்த சிவப்பு வரும், சாயத்துக்குப் பயன்படும் அதே சிவப்பு. ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் கலைஞர் சேஸர் மன்ரீக்கே வடிவமைத்து 1990இல் திறக்கப்பட்ட கள்ளித் தோட்டம், இந்தப் பூச்சிக்காகச் சப்பாத்திக்கள்ளி வளர்த்த வயல்களுக்கு நடுவில் பழைய குவாரிப் பள்ளம் ஒன்றில் அமைந்தது. பள்ளத்தைச் சுற்றி அடுக்கடுக்கான படிகளில் நட்டிருப்பதால் ஒரே செடியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிகிறது. உங்கள் தோட்டத்திலும் மேடான இடத்தைத் தேடிப் பாருங்கள்.

பூ கிடைக்காததற்குப் பருவம் ஒரு காரணம், நேரம் இன்னொன்று. செரியஸ் போன்ற தூண் வகைகளும் செலினிசெரியஸ் போன்ற கொடி வகைகளும் இரவில் விரிந்து வெயில் ஏறும்போது வாடிவிடும். அவற்றில் மகரந்தம் சேர்ப்பவை அந்துப்பூச்சியும் வௌவாலும். சப்பாத்திக்கள்ளியும் உருண்டை வகைகளில் பலவும் வெயில் உறைக்கும்போது விரியும். தோட்டம் திறக்கும் நேரத்துக்கே போய்த் தூண் வகைகளை முதலில் முடித்துவிடுங்கள். உருண்டைகளிடம் முற்பகல் கழிந்து வாருங்கள். பல காக்டஸ்கள் இளவேனிலில் தொடங்கிக் கோடை முதல்பாதிவரை பூக்கும். ஆனால் ஒவ்வொரு பூவும் ஒரு நாள், இரண்டு நாள்தான் இருக்கும் என்பதால், போகும் வாரத்தில் எது பூத்திருக்கிறது என்று தோட்டத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. விரிந்த சப்பாத்திப் பூவின் மகரந்தக் காம்புகளை ஒரு புல் நுனியால் தொடுங்கள். அவை மெல்ல உள்நோக்கி வளையும்.

படத்துக்கும் காலைதான். சூரியன் செடிக்குப் பின்னால், தாழ்வாக இருக்கட்டும்; முட்களின் விளிம்பு ஒளிரும். பின்னணியில் நிழலோ கரும்பாறையோ வரும்படி நகர்ந்துகொள்ளுங்கள். கேமராவைச் செடியின் உயரத்துக்கு இறக்கி, லென்ஸில் நேர்வெயில் விழாமல் கையால் மறையுங்கள். வெண்முட்கள் வெளுத்துப்போனால் வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள். உச்சிவெயிலில் மடிப்புகளின் நிழலே விழாது. படம் தட்டையானதற்கு அதுவே காரணம். கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் லென்ஸ் பனித்தால் துடைக்க வேண்டாம். சில நிமிடம் காத்திருந்தால் தானே விலகும்.

பெயர்ப்பலகைகளையும் படம் எடுத்துவையுங்கள். பெயரோடு ஓர் எண் இருக்கலாம். பல தாவரவியல் தோட்டங்களில் அதன் முதல் நான்கு இலக்கங்கள் செடி வந்த ஆண்டைக் குறிக்கும். பலகையில் உள்ள பெயரும் நூலில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் குழம்பாதீர்கள், இந்தக் குடும்பத்தில் பெயர் மாற்றங்கள் அதிகம். அந்தத் தங்க உருண்டைக்கே இப்போது க்ரோன்லைனியா என்ற பேரினப் பெயரும் உண்டு.

மகனின் விரலில் ஏறியவை குளோக்கிட் எனும் நுண்முட்கள். சப்பாத்திக்கள்ளியிலும் அதன் உறவுகளிலும் மட்டுமே இருக்கும். பெரிய முள்ளே இல்லாத, பஞ்சுப்பொட்டு வைத்ததுபோன்ற அழகான வகைகளே இதில் மோசம், ஏனென்றால் தொடத் தூண்டும். ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, தேய்த்தால் உள்ளே போகும். வாயால் உறிஞ்சவே கூடாது. முதலில் நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு, கூர்நுனி இடுக்கியால் வந்தவரை எடுங்கள். மிச்சத்துக்குக் குழந்தைகள் ஒட்டுவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவி, மேலே ஒரு சல்லடைத் துணியை அழுத்தி, நன்றாகக் காயவிட்டு உரியுங்கள். உடனடி ஒட்டுப்பசை வேண்டாம். அது முள்ளையும் தோலையும் சேர்த்து இறுக்கிவிடும். சப்பாத்திக்கள்ளியின் உறவான சோய்யா வகையில் தண்டின் துண்டு முழுதாகவே கழன்று ஒட்டிக்கொள்ளும்; அதைக் கையால் பிடிக்காமல் ஒரு சீப்பை இடையில் விட்டு நெம்பி எறிய வேண்டும். ஆகையால் இடுக்கியும் சீப்பும் பையில் இருக்கட்டும். மூடிய காலணி போடுங்கள், முதுகுப்பையைக் குறுகிய பாதைகளில் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அன்று அணிந்த துணிகளைத் தனியாகத் துவையுங்கள். சில நாள் கழித்தும் விரல் சிவந்து வீங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.