அம்பாசடரா, மாருதி 800-ஆ?

பழைய கார் ஒன்று வாங்க ஆசை, இந்த இரண்டில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. நான் மாருதியைத்தான் சொல்வேன். காரணம், அம்மா.

அப்பாவின் அம்பாசடரில் பிள்ளைகளோடு எட்டுப் பேர் கல்யாணங்களுக்குப் போவோம். முன் சீட் ஒரே நீளப் பெஞ்சு. கியர் தண்டு ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்ததால் நடுவில் உட்காருபவரின் முழங்காலில் இடிக்காது. 15 அங்குலச் சக்கரம், பின்னால் பட்டை ஸ்பிரிங். குண்டும் குழியுமான சாலையிலும் பாட்டி தூங்கிக்கொண்டே வருவார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கிய கார் அது. கடைசிவரை அந்த உருண்டைக் கூடு பெரிதாக மாறவில்லை.

ஆனால் அம்மாவால் அதை ஓட்ட முடியவில்லை. கிளட்சை முழுதாக மிதிக்கச் சீட்டின் நுனிக்கு நகர வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலிமை முழுவதும் வேண்டும். அப்பா வெளியூர் போனால் கார் கொட்டகையில் சும்மா நிற்கும்.

1994-இல் ஒரு பழைய 800 வந்தது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். எங்கள் அம்பாசடரின் 1489 சிசியில் பாதியைச் சற்றே தாண்டும். எடையும் ஏறத்தாழ பாதிதான் என்பதால் இழுவையில் குறை தெரியவில்லை. என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களையே சுழற்றுகிறது; பின்சக்கரம் வரை நீளும் தண்டு கிடையாது. அந்தச் சின்ன உடம்புக்குள் நால்வர் உட்கார முடிவது அதனால்தான். பள்ளத்தில் இறங்கினால் 12 அங்குலச் சக்கரம் இடுப்பை உலுக்கும், அதை மறைக்க மாட்டேன்.

அம்மா 43 வயதில் லைசென்ஸ் எடுத்தார். மறுவாரமே பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிப்போய் அழைத்துவந்தார். வீடு திரும்பி, உலை வைக்கும்போதும் கார்ச் சாவி அவர் இடுப்புச் செருகலில் இருந்தது.

இரண்டு காரின் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. எதை வாங்கினாலும் கால்விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைத் தட்டிப் பாருங்கள். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். துரு தின்ற தரைக்குச் செலவு தாங்காது. உங்கள் வீட்டில் யார் யார் ஓட்டப்போகிறார்களோ, அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.