பத்துச் செம்மறி ஆடுகளுடன் தொடங்குகிறேன். தினமும் என்ன தீவனம், எவ்வளவு கொடுக்க வேண்டும்?

முதலில், ஆடுகள் வந்து இறங்கிய அன்றே தீவனத்தை மாற்றிவிடாதீர்கள். விற்றவரிடம் அவை இதுவரை என்ன தின்றன என்று கேட்டு, முதல் வாரம் முடிந்தவரை அதையே போடுங்கள். பிறகு உங்கள் தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கலந்து, அடுத்த இரண்டு வாரத்தில் முழுதாக மாறிக்கொள்ளலாம். ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தீவனத்தைச் செரிக்கின்றன. நாரைச் செரிப்பவை ஒரு கூட்டம், தானிய மாவைச் செரிப்பவை இன்னொரு கூட்டம். தீவனம் மாறும்போது ஒன்று குறைந்து மற்றது பெருக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் ஆடுகளை இழப்பதற்கு, இந்த அவகாசத்தைக் கொடுக்காதது ஒரு முக்கியக் காரணம்.

இனி அளவு. வளர்ந்த ஆடு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்பது தீவனத்திலுள்ள ஈரத்தைக் கழித்த பின் நிற்கும் எடை. 40 கிலோ ஆட்டுக்கு 1.2 கிலோ. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். ஆகவே புல்லை மட்டுமே கொடுத்தால் 6 கிலோ வேண்டும். 3 கிலோ பசும்புல்லும் 700 கிராம் காய்ந்த புல்லும் கொடுத்தாலும் அதே கணக்கு வரும். பத்து ஆடுகளுக்கு 30 கிலோ பசுமை, 7 கிலோ உலர்புல். மிதித்தும் இறைத்தும் வீணாவதற்கு இன்னும் ஒரு கிலோ உலர்புல் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் போட்டால் ஒரு கிலோவோடு நிற்காது. தொட்டியோ தட்டியோ கட்டாயம் வேண்டும். கண்ணளவில் போடாமல் ஒரு தொங்கு தராசு வாங்கி, முதல் மாதமாவது நிறுத்துப் போடுங்கள்.

வைக்கோலையும் நல்ல காய்ந்த புல்லையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் இருக்கும். சும்மா இருக்கும் ஆட்டுக்கே 8 சதவீதம் அளவில் தேவை. புரதம் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருகாது, நார் செரிக்காது, தின்றது வயிற்றிலேயே தங்கும். வயிறு பெருத்து முதுகு ஒட்டிப்போன ஆட்டைப் பார்த்து ‘நன்றாகத் தின்கிறது’ என்று ஏமாறுவது இதனால்தான். வைக்கோலே கதி என்றால் அதனுடன் பயறுவகைத் தீவனமோ பிண்ணாக்கோ சேர்த்தாக வேண்டும்.

தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் எல்லா ஆட்டுக்கும் எப்போதும் தேவைப்படாது. நல்ல மேய்ச்சல் கிடைக்கும் சினையும் பாலும் இல்லாத பெட்டைக்கும் இனச்சேர்க்கைக் காலம் அல்லாத கிடாவுக்கும் புல்லே போதும். சினையின் கடைசி ஆறு வாரத்திலும், பால் கொடுக்கும்போதும், வளரும் குட்டிகளுக்கும்தான் அது உண்மையில் வேலை செய்கிறது. 10 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளமோ சோளமோ 4.5 கிலோ, பிண்ணாக்கு 2.5 கிலோ, தவிடு 2.6 கிலோ, செம்மறிக்கான தாது உப்புக் கலவை 200 கிராம், சாதாரண உப்பு 100 கிராம், சுண்ணாம்புக்கல் தூள் 100 கிராம் (நீற்றிய சுண்ணாம்பு கூடாது). தானியத்தை மாவாக அரைக்காதீர்கள், இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். பூசணம் வாடை வீசும் பிண்ணாக்கைத் தூக்கி எறியுங்கள். வெயிலில் காயவைத்தால் பூசண நஞ்சு போகாது.

முதல் நாள் தலைக்கு 50 கிராம். மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டுங்கள். சினை முதிர்ந்த ஆட்டுக்கு 200 முதல் 300 கிராம், ஒற்றைக் குட்டித் தாய்க்கு 300 முதல் 400, இரட்டைக் குட்டித் தாய்க்கு 500 வரை. 300 கிராமைத் தாண்டினால் காலை, மாலை எனப் பிரித்துக் கொடுங்கள். அதற்கு முன் கொஞ்சம் உலர்புல் தின்றிருக்கட்டும்.

ஏன் இவ்வளவு நிதானம்? பழகாத ஆடு ஒரேயடியாகத் தானியம் தின்றால் வயிற்றில் லாக்டிக் அமிலம் பெருகி, அமிலம் ரத்தத்திலும் ஏறும். ஆடு தீவனத்தைத் தொடாது, பல்லை நறநறவெனக் கடிக்கும், புழுக்கை இளகிப் புளித்த வாடையுடன் கழியும், தள்ளாடிப் படுக்கும். ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். மூட்டையைத் திறந்து தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். தானியத்தை அகற்றி, உலர்புல் மட்டும் போட்டு, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீவன அறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், கயிற்றுக் கட்டை நம்பாதீர்கள். தானியம் மிகுந்தால், குடலில் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும் துள்ளுமாரி நோயும் தாக்கும். கொழுத்த, நன்றாகத் தின்கிற குட்டிகள்தான் அதில் முதலில் சாகும். தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாது உப்பில் ஒரே விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: மாடு, பன்றி, கோழிக்கான கலவையைச் செம்மறிக்குப் போடவே கூடாது. வெள்ளாட்டுக்கானதும் வேண்டாம். அவற்றில் சேர்க்கும் செம்பைச் செம்மறியால் வேகமாக வெளியேற்ற முடியாது. அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கல்லீரலில் சேரும். அதுவரை ஆடு நலமாகவே தெரியும். பிறகு ஒரு பயணமோ பட்டினியோ போதும், சேர்ந்த செம்பு ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். கண் மஞ்சளாகி, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். பையில் ‘செம்மறிக்கானது, செம்பு சேர்க்கவில்லை’ என்றிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கிடாக்களுக்கும் காயடித்தவற்றுக்கும் தானியமும் தவிடும் அதிகமானால் பாஸ்பரஸ் மிஞ்சி மூத்திரப் பாதையில் கல் அடைக்கும். தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைப்போல இரு மடங்கு இருக்கட்டும். மேலே சொன்ன சுண்ணாம்புக்கல் தூள் அதற்குத்தான். உப்பும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். முக்கியும் சொட்டுச் சொட்டாகவே போனால் அவசர நிலை.

மேய்ச்சலில் இரண்டு எச்சரிக்கை. பசியோடிருக்கும் ஆட்டை ஈரமான குதிரைமசால் போன்ற பயறுவகைக் காட்டில் விட்டால் இடப்பக்கம் உப்பி மூச்சு முட்டும். உலர்புல் தின்ற பிறகு, பனி காய்ந்ததும் விடுங்கள். இளஞ்சோளத் தட்டையில் சயனைடு நஞ்சு உண்டு, வாடியதிலும், அறுத்தபின் மறுபடி துளிர்க்கும் மறுதாம்பிலும் கூட. பூக்கும் முன் போடாதீர்கள். புல்லை ஒட்ட மேய விடாமல் நான்கு விரல் உயரம் நிற்கும்போதே இடம் மாற்றினால் குடற்புழுத் தொல்லையும் குறையும்.

சினையின் முடிவில் கருப்பை வயிற்றை அடைப்பதால் புல் குறைவாகத்தான் உள்ளே போகும், தேவையோ ஏறிக்கொண்டே இருக்கும். இரட்டைக் கரு சுமக்கும் ஆடு ஒதுங்கி நின்று, தீவனத்தை மறுத்து, கண் தெரியாததுபோல் முட்டிக்கொண்டால் அன்றே மருத்துவம் பாருங்கள். பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், எடையில் கிலோவுக்கு 50 மில்லி. இரண்டாம் வாரத்திலிருந்து தாய் நுழைய முடியாத ஒரு மூலையில் மெல்லிய புல்லும் கொஞ்சம் கலவையும் வையுங்கள், கொறித்துப் பழகும்.

தண்ணீர் தலைக்கு 3, 4 லிட்டர், பாலூட்டும் ஆட்டுக்கும் வெயில் காலத்திலும் இரு மடங்கு. தீவனத் தொட்டியில் தலைக்கு 40 சென்டிமீட்டர் இடம் இல்லையென்றால் வலியது தின்னும், எளியது பார்த்துக்கொண்டு நிற்கும்.

அளவு சரிதானா என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையால் பாருங்கள். கம்பளி கண்ணை மறைக்கும். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பை அழுத்தினால், முனைகள் மழுங்கலாகத் தட்டுப்பட வேண்டும். கூராகக் குத்தினால் மெலிவு, அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு. ஒன்றிரண்டு மட்டும் மெலிந்தால் பல்லையும் புழுக்கையையும் பரிசோதித்துவிட்டுத் தீவனத்தைக் கூட்டுங்கள். மந்தை முழுதும் மெலிந்தால் அதே பரிசோதனையோடு புல்லின் தரத்தையும் அளவையும் மறுபடி கணக்குப் பாருங்கள்.