வாசகர் கேள்வி - பதில்: முதல் கூட்டத்துக்குப் போகும் முன்

கேள்வி: எனக்கு வயது 43. பீன்யாவில் தொழிற்சாலை வேலை. நானாகவே குடியை நிறுத்திப் பார்த்தேன், நிலைக்கவில்லை. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் நண்பர். இங்கே தமிழில் கூட்டம் நடக்கிறதா? தேவாலயத்தில் நடக்கிறது என்கிறார்களே, மதம் மாற்றுவார்களா? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் என்ன செய்வது? மனைவியும் வரலாமா?
— பெயர் வேண்டாம், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடலில் மது திடீரென்று நின்றால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு அதையடுத்து இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் பிதற்றலும் காய்ச்சலும் ஏற்படும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே இன்றிரவே நிறுத்திவிடுகிறேன் என்ற வைராக்கியம் உங்களுக்கு வேண்டாம். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கோ வேறொரு மனநல மருத்துவரிடமோ காட்டி, அவர்கள் மேற்பார்வையில் மாத்திரையோடு நிறுத்துங்கள். கூட்டத்தை அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ. எதிர்பார்க்கும் தகுதி, நிறுத்திவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை.

பெங்களூரில் தமிழ்க் கூட்டங்கள் நடக்கின்றன. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் கிடைக்கும். அழைத்து, உங்கள் வீட்டுக்கு அருகே தமிழ்க் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் அன்றும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். தனியாக உள்ளே நுழையக் கூச்சமாக இருந்தால், வாசலில் ஒருவர் நிற்க முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம். அந்தக் கூச்சத்தைக் கடந்து வந்தவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள்.

தேவாலய வளாகத்திலோ பள்ளியிலோ நடப்பதற்குக் காரணம், மாலையில் காலியாக இருக்கும் அறை குறைந்த வாடகைக்குக் கிடைப்பதுதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய இந்த இயக்கம் எந்த மதத்தோடும் கட்சியோடும் சேராதது. குடியிலிருந்து மீள அது வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் வருகிறார் என்பது உண்மை; ஆனால் அவரவர் உணர்ந்துகொண்டபடியான கடவுள் என்றே அதில் இருக்கிறது. முருகனைக் கும்பிடுபவரும் கடவுளே இல்லை என்பவரும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம்.

கூட்டம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தொடக்க உரையைப் படித்த பின், ஒவ்வொருவராகத் தம் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பேசுவார்கள். யாரும் குறுக்கிடுவதில்லை. உங்கள் முறை வரும்போது, "இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்" என்றால் போதும், பேச்சு அடுத்தவரிடம் போய்விடும். கட்டணம் கிடையாது, அறை வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள், புதியவர் போட வேண்டும் என்பதில்லை. முடிந்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள் என்று மட்டும் உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்வேன். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைப்பேசி எண்கள் கைமாறுகின்றன. சம்பள நாள் மாலையில் ஒயின் ஷாப் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கும்போது கூப்பிட ஓர் ஆள் கிடைப்பது அங்கேதான்.

தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தால், அவரும் குடி தொடர்பாகத்தான் வந்திருப்பார். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படைக் கட்டுப்பாடு. தொழிற்சாலைக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. திறந்த கூட்டமாக இருந்தால் மனைவியையும் அழைத்துப் போகலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஒரு குழு மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி அங்கே எவராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது ஏ.ஏ.வின் கொள்கை அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் ஏ.ஏ. வழி மற்ற சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியிருக்கிறது.

கேள்வி: என் கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே, கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: தயவுசெய்து வேண்டாம், அம்மா. அப்படிக் கலக்கப்படும் மருந்து பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் அதன் வீரியம் இரண்டு வாரம் வரை நீடிக்கக்கூடும். நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, பரிசோதனை செய்த பிறகே மருத்துவர்கள் இதைக் கொடுப்பார்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இயங்குகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன் இருக்கிறது. அவரை எப்படித் திருத்துவது என்பதல்ல அங்கே பேச்சு. அவர் குடித்துவிட்டு வரும் இரவுகளில் நீங்களும் பிள்ளைகளும் எப்படி நிலைகுலையாமல் இருப்பது என்பதே. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கணவர் கை ஓங்கும் நிலை இருந்தால், கூட்டத்துக்கும் முன்னால் 112ஐ அழையுங்கள்.