ஃபார்முலா ஸ்டூடன்ட் (காலேஜ் பசங்களே டிசைன் பண்ணி செய்யற ரேஸ் கார் போட்டி) காருக்கு சஸ்பென்ஷன் பார்ட்ஸ் நாமளே மெஷின் பண்ணி வெல்டு பண்ணலாமா, எதை வெளில குடுக்கணும்?

தாராளமா பண்ணலாம். நான் கோயம்புத்தூர்ல படிக்கும்போது எங்க காலேஜ் டீம்ல சஸ்பென்ஷன் என் பொறுப்பு, இந்தியால இந்தப் போட்டிய நடத்தற ஃபார்முலா பாரத் நடக்கற கரி ஸ்பீட்வே செட்டிபாளையத்துலயே இருக்கு, ஊர் பூரா லேத் பட்டறை வேற, அதனால இந்த வேலைய கிட்ட இருந்து பாத்தவன்ங்கற முறைல சொல்றேன்.

மொதல்ல என்ன மெஷின் வேணும்னு சொல்லிடறேன். சாதா லேத், ஒரு மில்லிங் மெஷின், ட்ரில்லிங், ஆர்கான் வெல்டிங் செட், இது போதும். ஆனா எனக்கு மெஷின விட பெருசா படறது எந்த வேலைய வெல்டிங்குக்கு முன்னாடி முடிக்கறது, எத பின்னாடி முடிக்கறதுங்கறதுதான். வெல்டு பண்ணா இரும்பு இழுக்கும், எவ்வளவு நல்ல வெல்டரா இருந்தாலும் இழுக்கும், அத ஏத்துக்கிட்டு வேலைய வரிசைப்படுத்தணும்.

விஷ்போன் எடுத்துக்கங்க, அதாவது சக்கரத்த சேசிஸோட இணைக்கற ஏ வடிவ பைப் கை. 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) பைப், வெளி விட்டம் 16 மிமீ, திக்னஸ் 1 மிமீ பக்கம், நெறைய டீம் இதுலதான் பண்றாங்க. வீல் பக்கம் ரெண்டு பைப்பும் சேர்ற எடத்துல ஒரு கப், அதுக்குள்ள ஸ்பெரிகல் பேரிங் (உள்ள இருக்கற உருண்டை எல்லா பக்கமும் சாயற பேரிங்). அந்த எடத்துல சில பேர் கப்புக்கு பதிலா ராட் எண்ட் (அதே உருண்டை, மரை போட்ட தண்டோட வர்றது) போட்டு முடிச்சிடறாங்க, செலவும் வேலையும் கம்மிதான், ஆனா பிரேக் அடிக்கறப்ப வர்ற லோடு அந்த மரைய வளைக்கப் பாக்கும், ராட் எண்ட் இழுவைக்கும் அழுத்தத்துக்கும் செஞ்சது, வளைவுக்கு செஞ்சது கெடையாது. டிசைன் ஜட்ஜ் கார் பக்கம் வந்தா முதல்ல குனிஞ்சு பாக்கற எடங்கள்ல இதுவும் ஒண்ணு. அதனால கப்தான் போடுங்க.

கப்ப லேத்துல கடையும்போது வெளி சைஸ முடிச்சிருங்க, உள் போர்ல (துளைல) மட்டும் 0.3லருந்து 0.5 மிமீ வரைக்கும் விட்டு வைங்க. பைப் ஒரு பக்கம்தான் வந்து ஒட்டுது, அந்தப் பக்கம் மட்டும் சூடாகி ஆறும்போது போர் சுருங்கி ஓவல் ஆயிடும். முன்னாடியே ஃபினிஷ் பண்ணிட்டா பேரிங் உள்ள போகாது, பிரஸ்ல வச்சு அமுக்கினா பேரிங் டைட்டாகி சஸ்பென்ஷனே சிக்கி சிக்கி அசையும். வெல்டு முடிஞ்சப்பறம் விஷ்போன ஃபிக்சர்ல கட்டி மில்லிங்ல போரிங் ஹெட் போட்டு ஃபைனல் சைஸ் எடுங்க, பேரிங் வெளிய வராம பிடிக்கற சர்க்ளிப்புக்கான வெட்டும் அப்பதான். அதுக்கு வசதியே இல்லன்னா அலுமினியத்துல ஒரு குண்டு கடைஞ்சு போர்ல டைட்டா மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா எடம் மாத்தி மாத்தி வெல்டு பண்ணுங்க, சூட்ட அது உறிஞ்சிக்கும், இழுப்பு குறையும், ஆனா சுத்தமா போகாது. பேரிங்க உள்ள வச்சுட்டு மட்டும் வெல்டு பண்ணாதீங்க, டெஃப்லான் லைனர் கருகிடும். புஷ்ராட் (சக்கரத்தோட அசைவ ஸ்பிரிங்குக்கு கடத்தற தண்டு), டோ லிங்க் (சக்கரம் பாக்கற திசைய பிடிக்கற தண்டு) முனைல வர்ற மரை போட்ட இன்சர்ட்டுக்கும் இதே கதைதான், ஒரு முனைல வலது மரை, இன்னொண்ணுல இடது மரை, வெல்டு ஆறினப்பறம் டேப்ப இன்னொரு தடவ ஓட்டிக்கங்க.

ஜிக்குக்கு (வெல்டு பண்ணும்போது பார்ட்ஸ எடம் மாறாம பிடிக்கற சட்டம்) காசு பாக்காதீங்க. 10 மிமீக்கு கம்மியில்லாத எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட்டுல பிக்கப் பாயின்ட் (விஷ்போன் சேசிஸ்ல மாட்டற எடம்) ஓட்டைய எல்லாம் விஎம்சில (கம்ப்யூட்டர் ஓட்டற மில்லிங் மெஷின்ல) கோஆர்டினேட் குடுத்து போட்டு வாங்கிட்டா மிச்சத்த காலேஜ்லயே பாத்துக்கலாம். பைப் முனைய மீன் வாய் மாதிரி வெட்டறீங்கல்ல, அது கப்போட இடைவெளி இல்லாம ஒக்காரணும், எந்தப் பக்கம் இடைவெளியோ அந்தப் பக்கம்தான் வெல்டு இழுக்கும். டேக் (சின்ன சின்ன புள்ளி வெல்டு) எதிரெதிரா போட்டு, வெல்டு முடிச்சு முழுசா ஆறின பின்னாடிதான் ஜிக் போல்ட்ட கழட்டணும், அவசரப்பட்டு தண்ணி ஊத்தக் கூடாது, 4130 வேகமா ஆறினா அந்த எடம் கண்ணாடி கணக்கா வெடிக்கற அளவுக்கு கெட்டியாயிடும். ஃபில்லர் கம்பி இஆர்70எஸ்-2 போதும், 1 மிமீ பைப்புக்கு 40 ஆம்பியர் பக்கம். ரெண்டு முனையும் மூடின பைப்புல ஒரு சின்ன ஓட்டை போட்டு வைங்க, இல்லன்னா உள்ள சூடான காத்து கடைசி எடத்துல வெல்ட ஊதி தள்ளிடும்.

வெல்டர் விஷயம். எஸ்எஸ் கைப்பிடி போடற அண்ணன் கை அருமையா இருக்கும், ஆனா மெல்லிசு குரோமோலி அவருக்கு புதுசா இருக்கலாம். உங்க பைப் துண்டையே அசிட்டோன்ல தொடச்சு எடுத்துட்டு போய் சாம்பிள் போட்டுத் தரச் சொல்லுங்க, அத நெடுக்கா அறுத்து உள்ள வரைக்கும் உருகி எறங்கியிருக்கான்னு அவர்கூட ஒக்காந்து பாருங்க. நல்ல வேலைக்காரர் யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

அப்ரைட் (வீல் பேரிங்க தாங்கற, விஷ்போன் வந்து மாட்டற பார்ட்) வெளில விஎம்சிக்கு குடுத்துடுங்க. 7075-டி6 அலுமினியம்னா ஆர்க் வெல்டு பத்தி யோசிக்கவே வேண்டாம், முழு கட்டியிலருந்து வெட்டி எடுக்கறதுதான் வழி. அதோட ஈல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற அளவு) 500 எம்பிஏ பக்கம், 6061-டி6 275 பக்கம், அதனால 7075 போட்டு எடைய பாதியாக்கலாம்னு தோணும், ஆனா விறைப்பு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 70 ஜிபிஏ, மெல்லிசாக்கினா உடையாது சரி, டிராக் வளைவுல திரும்பறப்ப கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) மாறிடும். டாலரன்ஸ் பேரிங் போருக்கும் மவுண்டிங் ஃபேஸுக்கும் மட்டும் டைட்டா குடுங்க, எல்லாத்துக்கும் குடுத்தா பில்லு ஏறும்.

பேரிங் ஃபிட்ல பல பேர் கோட்டை விடறது சூடு. 80 மிமீ போர் 60 டிகிரி ஏறினா அலுமினியம் 0.11 மிமீ விரியும், பேரிங்கோட ஸ்டீல் அதுல பாதிதான் விரியும். பிரேக் சூட்டுல 0.05 மிமீ பிடிப்பு காணாம போகுது, குளிர்ல டைட்டா இருந்தது டிராக்ல ஆடும். அந்த கணக்க சேத்து இன்டர்ஃபியரன்ஸ் (பேரிங்க விட போர் எவ்வளவு சின்னதுங்கற அளவு) வைங்க. மாட்டும்போது அப்ரைட்ட ஹீட்டிங் அவன்ல (அடுப்புல) 120 டிகிரிக்கு ஏத்துனா போர் 0.16 மிமீ பக்கம் விரிஞ்சு குடுக்கும், பேரிங் கையாலயே எறங்கும், சுத்தியல் வேண்டாம்.

மாட்டறப்ப ரூல் புக் பக்கத்துல இருக்கட்டும். ராட் எண்ட் டபுள் ஷியர்ல (போல்ட்ட ரெண்டு பக்கமும் தாங்கற மாதிரி) இருக்கணும், இல்லன்னா பால் கழண்டாலும் வெளிய வராத மாதிரி பெரிய வாஷர் இருக்கணும், போல்ட் 8.8 கிரேடுக்கு கீழ போகக் கூடாது, நட்டுக்கு வெளில ரெண்டு மரையாவது தெரியணும், லாக்டைட் (மரைல போடற பசை) மட்டும் போட்டா லாக்கிங்னு ஒத்துக்க மாட்டாங்க.

பவுடர் கோட்டிங் அழகா இருக்கும், ஆனா கிராக்க மறைச்சிடும், நான் வெளிர் கலர்ல மெல்லிசா ஸ்பிரே பெயின்ட் அடிக்கத்தான் சொல்வேன். முதல் டெஸ்டிங் முடிஞ்சதும் கப்ப சுத்தி வெல்டு ஓரத்துல பெயின்ட்ட எடுத்துட்டு டை பெனிட்ரன்ட் (கிராக்குக்குள்ள எறங்கி அத காட்டற சாயம்) அடிச்சு பாருங்க, சிவப்பு கோடு தெரிஞ்சா அது மேலயே வெல்டு போட்டு ஒப்பேத்தாம புது விஷ்போன் செய்யுங்க, அதுக்காகவே ஈவன்ட் முடியற வரைக்கும் ஜிக்க கழட்டாம வைங்க.