28-ஆம் தொகுதி எங்கே இருக்கிறது?

கேள்வி: வர்ஜீனியாவில் ஆஷ்பர்னில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்துவிட்டது. மாமனார் கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். அதிபர் தேர்தல் புரிகிறது, மாநிலச் சட்டமன்றத் தேர்தல்தான் குழப்புகிறது. எங்கள் தொகுதி எண் 28 என்று பக்கத்து வீட்டுத் தோழி சொன்னாள். இணையத்தில் தேடினால் 28 என்பது பிரெடரிக்ஸ்பர்க் பக்கம் என்று வருகிறது. எது சரி? எப்போது ஓட்டுப் போடவேண்டும்? உண்மையில் ஒரு ஓட்டால் இங்கே ஏதாவது மாறுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

உங்கள் தோழி சொன்னதும் சரி, இணையம் சொன்னதும் சரி. இணையம் சொன்னது பழைய 28. வர்ஜீனியாவில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு அந்த வேலை ஒரு ஆணையத்திடம் போனது. உறுப்பினர்களுக்குள் ஒத்துப்போகாததால் அது மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, 2021 டிசம்பர் கடைசியில் நீதிமன்றமே புதிய வரைபடத்தை ஏற்றுக்கொண்டது. அப்போது எல்லைகளோடு எண்களும் மாறிவிட்டன. அதுவரை பிரெடரிக்ஸ்பர்க், ஸ்டாஃபர்ட் பக்கம் இருந்த 28 என்ற எண் இப்போது உங்கள் லவுடன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. நியூபோர்ட் நியூஸில் இருந்த 94 என்ற எண் இன்று நார்ஃபோக்கில். அதனால் எண்ணை மட்டும் வைத்துப் பழைய செய்தியைத் தேடினால் வேறு யாருடைய ஊர்க் கதையோ வந்து நிற்கும். கீழவைக்குப் புதிய எல்லைப்படி முதல் தேர்தல் 2023-ல்தான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுச் செய்தி என்றால் எண்ணை நம்பாமல் ஊர்ப் பெயரைப் பாருங்கள்.

தோழியின் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீடு என்றால் பெரும்பாலும் ஒரே தொகுதியாகத்தான் இருக்கும், ஆனால் எல்லைக்கோடு தெரு நடுவிலும் போகும். மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் குடிமக்கள் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாக்காளராகப் பதிந்த பிறகு அதில் உள்ளே போனால் உங்கள் கீழவைத் தொகுதி, மேலவைத் தொகுதி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதி, வாக்குச்சாவடி எல்லாம் வரிசையாக வரும். மூன்று எண்களும் வேறு வேறாக இருக்கும், அதில் தப்பில்லை. சட்டமன்றத்துக்குக் கீழவை 100 இடம், மேலவை 40 இடம். சுமார் 86 லட்சம் மக்களை நூறால் வகுத்தால் ஒரு கீழவைத் தொகுதிக்கு 86,000 பேர் சொச்சம். நம் ஊர் எம்எல்ஏ தொகுதியோடு ஒப்பிட்டால் சின்னது. உங்கள் பிரதிநிதியை நூலகத்திலோ பள்ளி விழாவிலோ நேரில் பார்த்துப் பேசுவது இங்கே பெரிய விஷயமில்லை.

இணையதளத்தைப் பாருங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்தப் பழைய 28-தான். 2017 நவம்பரில் அங்கே குடியரசுக் கட்சியின் பாப் தாமஸ், ஜனநாயகக் கட்சியின் ஜோஷுவா கோலை மறு எண்ணிக்கைக்குப் பிறகு 73 ஓட்டில் தோற்கடித்தார். அதே தேர்தலில் 147 வாக்காளர்களுக்குத் தப்பான தொகுதியின் வாக்குச்சீட்டைக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அவர்கள் முகவரி எந்தத் தொகுதியில் வருகிறது என்று பதிவேட்டில் தப்பாகக் குறித்திருந்தார்கள், அவ்வளவுதான். வித்தியாசம் 73, தப்பான சீட்டு 147. கணக்கு யாருக்கும் புரியும். வழக்குப் போட்டும் மறு தேர்தல் கிடைக்கவில்லை. போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க முடியாது, யார் போட்டது எது என்றும் தெரியாது. அந்த 147 பேரில் எத்தனை பேர் சீட்டில் இருந்த வேட்பாளர் பெயரைப் பார்த்து, 'இவர் நம் ஆள் இல்லையே' என்று யோசித்திருப்பார்கள் என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு. உங்கள் தொகுதி வேட்பாளர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போனால், சீட்டு கைக்கு வந்ததும் தப்பு கண்ணில் படும். ஸ்கேனரில் போடும் முன் சொன்னால் சரி செய்யலாம்.

ஒரு ஓட்டு பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் பதில் அதே 2017-லேயே இருக்கிறது, இந்தத் தடவை நியூபோர்ட் நியூஸின் பழைய 94-ல். குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி, ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ். முதல் கணக்கில் யான்சி 10 ஓட்டு முன்னிலை. டிசம்பர் 19-ல் மறு எண்ணிக்கை முடிந்தபோது சைமண்ட்ஸ் 11,608, யான்சி 11,607. ஒரே ஒரு ஓட்டு. வாழ்த்துச் செய்திகள் எல்லாம் பறந்துவிட்டன. மறுநாள் மூன்று நீதிபதிகள் ஒரு வாக்குச்சீட்டைக் கையில் எடுத்தார்கள். அதில் இரண்டு பெயருக்கும் எதிரே வட்டம் நிரப்பியிருந்தது. சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தது. மறு எண்ணிக்கையில் அதைச் செல்லாத ஓட்டாக ஒதுக்கியிருந்தார்கள். சீட்டின் மற்றப் பதவிகளில் அவர் குடியரசுக் கட்சியைத்தான் குறித்திருந்தார், எனவே அந்தக் கோடு 'இது வேண்டாம்' என்று அர்த்தம் என்று நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டு யான்சிக்குப் போனது. 11,608க்கு 11,608.

சமநிலை என்றால் குலுக்கல் என்பதுதான் வர்ஜீனியா சட்டம். 2018 ஜனவரி 4-ஆம் தேதி மாநிலத் தலைநகர் ரிச்மண்டில், இரண்டு பெயரையும் தனித்தனியே எழுதிப் பழைய கேமரா பிலிம் டப்பாவில் போட்டு, கலைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நீலமும் வெள்ளையுமான ஒரு மண்கிண்ணத்தில் போட்டார்கள். தேர்தல் வாரியத் தலைவர் கைவிட்டு ஒன்றை எடுத்தார். யான்சி. நமக்கு உடனே உத்திரமேரூர் நினைவுக்கு வரும், வராமல் இருக்காது. ஆனால் அங்கே குடத்தில் ஓலை போட்டு எடுப்பதுதான் முறையே. இங்கே 23,000க்கும் மேற்பட்ட ஓட்டை எண்ணி முடித்தபின் வேறு வழியில்லாமல் கிண்ணத்திடம் போனார்கள். அந்தக் கையில் வந்தது இன்னொரு டப்பாவாக இருந்திருந்தால் கீழவை 50-50. யான்சி வந்ததால் 51-49, அவை குடியரசுக் கட்சி கையில் நின்றது. 2019-ல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள், சைமண்ட்ஸ் ஜெயித்தார், அவையும் அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

ஓட்டின் மதிப்பைச் சொல்லவே எல்லோரும் இந்தக் கதையை எடுப்பார்கள். வாக்குச்சாவடியில் அலுவலராக உட்கார்ந்திருக்கும் எனக்கு அதில் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். அந்த மனிதர் செய்ததைப் போல நீங்கள் செய்யாதீர்கள். தப்பாக நிரப்பிவிட்டால் அடிக்க வேண்டாம், கோடு போட வேண்டாம், பக்கத்தில் எழுத வேண்டாம். அலுவலரிடம் போய் 'சீட்டு கெட்டுப்போச்சு, வேற வேணும்' என்று கேளுங்கள். பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிய சீட்டு கொடுப்பார்கள். யாரும் முறைக்க மாட்டார்கள். நம் ஆட்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். நம் பெரியவர் ஒருவர் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு மௌனமாக நின்றார். அடையாள அட்டை காட்டினால் மட்டும் போதாது, பெயரையும் வீட்டு முகவரியையும் வாய்திறந்து சொல்லவேண்டும், இல்லையென்றால் எழுதிக் காட்டவேண்டும். அவருக்கு வீட்டு எண் ஞாபகம் வரவில்லை, பின்னால் நின்ற மருமகள் முழிக்கிறாள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் பரவாயில்லை, அது நீங்கள்தான் என்று காட்ட மட்டுமே. வாக்காளர் பதிவில் இருக்கும் முகவரிதான் இப்போது குடியிருக்கும் வீடாக இருக்கவேண்டும். வீடு மாறியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

சரி, தேதிகள். வர்ஜீனியா மாநிலத் தேர்தலை ஒற்றைப்படை ஆண்டில் நடத்தும். கீழவைக்கு இரண்டு ஆண்டு, மேலவைக்கு நான்கு ஆண்டு. 2025 நவம்பரில் கீழவை முடிந்தது. அடுத்தது 2027 நவம்பர் 2, அன்று இரண்டு அவைக்கும் சேர்த்து. நேரில் முன்கூட்டி ஓட்டுப் போடுவது தேர்தலுக்கு 45 நாள் முன்பே தொடங்கிவிடும். தேர்தல் நாளில் காலை 6 முதல் மாலை 7 வரை. பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டாலும் உங்கள் சாவடிக்கே போய் அன்றைக்கே பதிந்து ஓட்டுப் போடலாம். ஆனால் அது தற்காலிகச் சீட்டு, சரிபார்த்த பிறகுதான் எண்ணுவார்கள். அந்தத் தலைவலி எதற்கு? இப்போதே பதிந்துவிடுங்கள்.

ஜூன் மாதம் நடக்கும் கட்சிக்குள்ளான முதல்கட்டத் தேர்தலை விட்டுவிடாதீர்கள். ஒரு கட்சிக்கே வலுவான தொகுதியில் உண்மையான போட்டி அங்கேதான் முடிகிறது. வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. அன்று எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டும் நடந்தால் ஒன்றில்தான் போட முடியும்.

நவம்பர்வரை காத்திருக்காமல் திடீரென்று வரும் தேர்தலும் உண்டு. உங்கள் கவுண்டியிலேயே நடந்தது. 2024-ல் மாநில மேலவை உறுப்பினர் சுஹாஸ் சுப்ரமணியம் காங்கிரஸுக்குத் தேர்வானார். அந்த 32-ஆவது மேலவை இடத்துக்கு, 26-ஆம் கீழவைத் தொகுதியில் இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன் நின்றார். அவர் மேலே போனால் கீழவை இடமும் காலி. ஆக, ஒருவர் வாஷிங்டன் போனதற்கு லவுடனில் 2025 ஜனவரி 7 அன்று இரண்டு இடைத்தேர்தல். பனிக்காலத்தில், விடுமுறை முடிந்த கையோடு. இப்படிப்பட்ட தேர்தலில் கூட்டம் குறையும், ஒரு ஓட்டின் எடை அந்த அளவுக்குக் கூடும். கவுண்டித் தேர்தல் அலுவலகத்திலிருந்து வரும் அஞ்சலை விளம்பரம் என்று குப்பையில் போடாமல் பாருங்கள்.

மாநிலத் தேர்தல் அப்படி என்ன முக்கியம் என்று உங்கள் கணவர் கேட்டால், கவுண்டிக்கு என்ன அதிகாரம் என்பதைக் கூட ரிச்மண்ட்தான் தீர்மானிக்கிறது என்று சொல்லுங்கள். மாநிலம் கொடுக்காத அதிகாரம் எதுவும் வர்ஜீனியாவில் உள்ளூர் ஆட்சிக்குக் கிடையாது. பள்ளி நிதி, டோல் சாலை, வாடகைச் சட்டம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் அந்த 140 பேரிடம்தான் போய் நிற்கும்.

அடுத்து உங்கள் மாமனார். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கிரீன் கார்டில் இருப்பவர் வாக்காளராகப் பதியவே கூடாது, ஓட்டும் போடக்கூடாது. ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ எடுக்கப் போகும்போது, நீங்கள் குடிமகனா என்று ஒரு கேள்வி திரையில் வரும். பக்கத்தில் நின்று 'இல்லை' என்பதைத் தொட வையுங்கள். ஆங்கிலம் புரியாமல் 'ஆமாம்' என்று தட்டி அது வாக்காளர் பதிவாகப் போய்விட்டால், பிற்காலத்தில் அவருடைய குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நாடு கடத்தும் வரை போகலாம். ஏற்கெனவே தட்டிவிட்டார் என்றால் தானாகப் போய் எதையும் எழுதிக் கொடுக்காமல் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

அப்புறம் நீங்களும் உங்கள் கணவரும். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விட்டது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) ஓட்டுரிமை தராது. ஊரில் அம்மா வீட்டு முகவரியில் உங்கள் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் இருந்தால், படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள்.