பாராட்டுப் பத்திரத்தில் என்ன எழுதுவது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், மகளிர் நாளை ஒட்டி, கல்விக்கும் சமூகத்துக்கும் தொண்டாற்றிய பெண் தலைவர்கள் சிலரைப் பாராட்டி வருகிறது. இதுவரை கல்லூரி முதல்வர்கள், பள்ளித் தாளாளர்கள், மருத்துவர்கள் ஆகியோரையே அழைத்தோம். இம்முறை, ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரின் பெயரை உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகள் பலரை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் என்கிறார்கள். ஆனால், "நல்ல ஊழியர், சரி. தலைவர் என்று எப்படிச் சொல்வது?" என்று குழுவில் பாதிப்பேர் கேட்கிறார்கள். செயலாளராகிய எனக்கும் தெளிவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.,
சேலம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

அந்த அம்மையாரை அழையுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் குழுவினர் கேட்ட கேள்வியிலும் தவறில்லை. முதல்வர்களையும் தாளாளர்களையும் தேர்ந்தெடுத்த ஆண்டுகளில் அதே கேள்வியை யாரும் எழுப்பவில்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. பதவியில் இருப்பவரை விசாரிக்காமலேயே தலைவர் என்று ஏற்றுக்கொள்கிறோம். பதவி இல்லாதவரிடம் மட்டும் சான்று கேட்கிறோம்.

யாரும் உத்தரவிடாத ஒரு முடிவை எடுத்து, அதற்கான செலவையும் பழியையும் தாமே ஏற்று, பிறகு மற்றவர்களையும் அந்த வழிக்குக் கொண்டுவந்தவர் யாரோ அவரே தலைவர் என்பது என் கணக்கு. முத்துலட்சுமி ரெட்டியைச் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால், தேவதாசி முறையிலிருந்து விலகி வந்த இளம்பெண்கள் சிலருக்கு நகர விடுதிகளில் இடம் கிடைக்காதபோது அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தாரே, 1930-இல் அவ்வை இல்லம் உருவானது அந்த முடிவிலிருந்துதான். சகோதரி சுப்புலட்சுமி இளம் வயதிலேயே கைம்பெண்ணானவர். 1911-இல் பட்டம் பெற்றவர். கைம்பெண்களுக்கு இருக்க இடமில்லை, பெண்கள் பள்ளிகளுக்கோ ஆசிரியைகள் இல்லை என்ற இரண்டு குறைகளையும் சேர்த்துப் பார்த்து, அந்தப் பெண்களையே படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். ஊரார் ஏச்சையும் கேட்டுக்கொண்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்குக் கல்லூரிப் பட்டமும் இல்லை, அரசுப் பதவியும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் அவர் பெயரில்தான் நடக்கிறது.

இனி சத்துணவு அமைப்பாளருக்கு வருவோம். 1982-இல் தொடங்கிய பள்ளிச் சத்துணவுத் திட்டத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை இருப்பைக் கணக்கில் வைப்பதும், சமையலரையும் உதவியாளரையும் மேற்பார்ப்பதும்தான் அவர் வேலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தாயும் தகப்பனும் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். ஒரு வாரம் நின்றவள் ஒரு மாதம் நிற்பாள். அதற்குப் பிறகு அவளுக்கே பள்ளிக்கு வரக் கூச்சமாகிவிடும். இதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வருகைப் பதிவேடு அன்று, மதியம் மிச்சமாகும் தட்டுதான். அந்தப் பக்கத்து அமைப்பாளர் ஒருவர், வராத பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, "தம்பியையும் தூக்கிக்கிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல எந்த அரசாணையும் அவருக்குக் கட்டளையிடவில்லை. குழந்தை சமையற்கூடத்தில் விழுந்து அடிபட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

உங்கள் வேட்பாளரும் இப்படிப்பட்டவர்தானா என்பதை நேரில் போய்த்தான் அறிய வேண்டும். குழுவிலிருந்து இருவர் மலையேறி, அங்குள்ள தலைமையாசிரியரையும் அந்த அம்மையாரால் திரும்பி வந்த பெண்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் விசாரியுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கிராமம், யார் தடுத்தார்கள், வந்தவர்கள் எதுவரை படித்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள 'மலையாளி' என்னும் மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்புக்கு மேலே இட ஒதுக்கீட்டில் போகச் சாதிச் சான்றிதழ் தேவை. அதற்காகப் பெற்றோரைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனவர் யார் என்றும் கேளுங்கள். வேறொரு பெண்ணின் பெயர் வந்தாலும் வரலாம்.

கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதுவே பாராட்டுப் பத்திரமாக இருக்கட்டும். "தாயுள்ளம் கொண்ட, தன்னலமற்ற, அயராத" என்று அச்சடித்து, பெயருக்கு விட்ட இடத்தைப் பேனாவால் நிரப்பிக் கொடுக்கும் பத்திரங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். யார் பெயரை எழுதினாலும் பொருந்துகிற பத்திரம் யாரையும் பாராட்டவில்லை. இதே விதியைத் தாளாளர்களுக்கும் வையுங்கள். ஒரு பக்கம் எழுத விஷயம் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆண்டு அவரை அழைக்க வேண்டாம். நன்கொடையாளர் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்த ஆண்டுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1991-92-இல் சேலத்துக்கும் வந்தது. அன்று முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கூட்டி, கணக்கு நோட்டு எழுதி, குழுவின் சேமிப்பிலிருந்து அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்று பாட்டிமார்கள். அவர்களைத் தேடுங்கள். ஊராட்சித் தலைவிகளையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அவர்களை அழைக்கும்போது கணவருக்கு மேடையில் நாற்காலி போடாதீர்கள். மனைவியின் சார்பில் ஏற்புரை ஆற்றிய கணவர் ஒருவரை இரு கண்ணால் பார்த்திருக்கிறேன்!

விழாவில் சிறப்பு விருந்தினரைச் சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டு, அந்த அம்மையாருக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். பத்திரத்தில் எழுதியது சரியா என்பதை முன்கூட்டியே அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள். பிள்ளைகளின் குடும்பச் செய்திகளில் மேடையில் சொல்லக் கூடாதவை இருக்கும், அவற்றை அவரே நீக்கிவிடுவார். மாலையில் விழா வைத்தால் அவர் இரவில் மலையேற வேண்டியிருக்கும். போக வர ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.